கடலோர ஊரில் பழைய கன்வெர்ட்டிபிள்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. புதுச்சேரிப் பதிவெண் கொண்ட 2011-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ இசட்4 எஸ்டிரைவ் 35ஐ என்ற, கூரையை மடித்துத் திறக்கும் கார் (கன்வெர்ட்டிபிள்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு கை மாறிய வண்டி, 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 24 லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா, வாங்கினால் இந்த ஊரில் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்கிறீர்கள். எஞ்சினைப் பற்றி மட்டும் ஏழு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கூரையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது உங்களுடையதற்கு முந்தைய தலைமுறை இசட்4, துணிக்கூரை போட்டது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு வாசலில் ஒரு வேப்ப மரம் நிற்கிறது. சித்திரையில் அது பூக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தப் பூக்கள் காற்றில் உதிர்ந்து கூரையின் விளிம்பில் உள்ள வடிகால் துளைகளுக்குள் போய்ப் படிந்ததை நான் கவனிக்கவில்லை. ஐப்பசி மழை வந்தது. வடிகால் அடைத்துக்கொண்டது. அந்தத் தலைமுறைக் காரில் கூரையை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் மோட்டார், மடிந்த கூரை உட்காரும் இடத்தின் அடிக்குழியில் இருக்கிறது. வெளியேற வழியில்லாத தண்ணீர் அந்தக் குழியில் நிரம்பி மோட்டாரை மூழ்கடித்துவிட்டது. உலகம் முழுவதும் அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த குறைதான். எனக்கு மட்டும் மோட்டார் செத்த பிறகு தெரிந்தது. அரைக் கைப்பிடி வேப்பம்பூவுக்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் வீட்டில் இன்னொரு முறை சண்டை வரும்.

உங்கள் கார் இ89 என்ற தலைமுறை. 2009-ல் வந்தது. இசட்4 வரிசையில் மடியும் உலோகக் கூரை போட்ட முதல் கார் அதுதான். இரண்டு துண்டு அலுமினியக் கூரை. ஏறக்குறைய 20 நொடியில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். துணிக்கூரையைவிட நம் ஊருக்கு இது பலவகையில் மேல். வெயிலில் வெளுக்காது, தையல் விடாது, ஈரத்தோடு மடித்துவைத்தால் பூஞ்சை பிடிக்காது. ஆனால் தண்ணீர் இதிலும் வடிகால்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். துண்டுகள் சேரும் இடங்களில் எல்லாம் ரப்பர் ஓரங்கள் இருக்கின்றன. பதினான்கு கோடை கண்ட ரப்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பார்க்கப் போகும்போது கூரையை ஒருமுறை திறந்து மூடிக் காட்டினால் திருப்தி அடையாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, ஐந்து முறை தொடர்ந்து இயக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது முறையில் வேகம் குறைகிறதா, ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்துகிறதா, பம்பின் சத்தம் முனகலாக மாறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு டிக்கியின் உள்ளுறையைத் தூக்கி ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிலிண்டரின் உள்சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியே வரும். இதற்கென்றே சிலிண்டரைப் பிரித்துப் புது சீல் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், முழுச் சிலிண்டர் வாங்குவதைவிடச் செலவு குறைவு. டிக்கி மூடியின் கீல் வழியாகப் போகும் ஒயர் கட்டையும் பாருங்கள். மடியும் கூரை உள்ள கார்களில் அது திரும்பத் திரும்ப வளைந்து உள்ளே அறுந்துவிடுவதுண்டு. வெளியே உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு இரண்டாகப் போயிருக்கும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கூரை இயங்கவில்லை என்று ஒருவர் தன் காரை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். டிக்கிக்குள் மடிந்த கூரைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அதைக் கொக்கியில் சரியாக மாட்டாவிட்டால் பாதுகாப்புக்காகக் கூரை இயங்கவே இயங்காது. அவர் வீட்டில் யாரோ அரிசி மூட்டை ஏற்றுவதற்காக அதைக் கழற்றியிருக்கிறார்கள். மாட்டினேன், கூரை திறந்தது. விலை மூன்று லட்சம் ஏறியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடுத்த தண்ணீர், வெள்ளம். இந்தக் கார் புதுச்சேரியில் எந்தத் தெருவில் நின்றது என்று கேளுங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. தாழ்வான வாகன நிறுத்தங்களில் நின்ற கார்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தரையை ஒட்டி உட்காரும் இந்த வகைக் காருக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். உங்கள் ஊருக்கு 2015 வெள்ளமும் மறந்திருக்காது.

வெள்ளம் பார்த்த காரை நன்றாகக் கழுவி, வாசனைத் தைலம் அடித்து, இருக்கைத் தோலுக்குப் பாலிஷ் போட்டு நிறுத்துவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி ஒரு சாணில் சேற்றுக்கோடு தெரியும். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, அதன் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். தரைவிரிப்பைக் கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள ஸ்பான்ஞ்சில் ஈரம் மாதக்கணக்கில் தங்கும். ஒயர் இணைப்புகளைக் கழற்றினால் பச்சைப் பூத்த முனைகள் தெரியும். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மின்னணுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு ஊரில் உங்களை நடுரோட்டில் நிறுத்தும்.

இனி எஞ்சின். 2979 சிசி, ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன். என்54 என்று பெயர். அருமையான எஞ்சின், செலவாளியும்கூட. இதன் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் பெயர்பெற்ற பலவீனம். அமெரிக்காவில் 2010-ல் இதற்காகவே கார்களைத் திரும்ப அழைத்தார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ய நேரம் எடுத்தாலோ, முடுக்கும்போது திடீரென்று வலுவிழந்தாலோ சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். இன்ஜெக்டர்களும் பலமுறை மேம்படுத்தப்பட்டவை; பழையவை அப்படியே இருக்கின்றனவா, மாற்றப்பட்டனவா என்று ரசீது கேளுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது முன்பக்கத்தில் தகரம் அதிர்வது போலக் கேட்டால் அது டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு தேய்ந்த சத்தம். இந்த எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் உள்வால்வுகளின் மேல் கரி படியும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், உண்மையான வைத்தியம் அதுதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. ஒன்று, மின்சார வாட்டர் பம்ப். பெல்ட்டில் ஓடும் பழைய பம்பைப் போல முன்கூட்டிக் கசிந்து எச்சரிக்காது. ஒரு நாள் நின்றுவிடும், எஞ்சின் கொதிக்கும். கிலோமீட்டர் குறைவுதான் என்று விடாமல், வயதைப் பார்த்து, தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து வாங்கியவுடனேயே மாற்றிவிடுங்கள். இரண்டு, ஆயில் ஃபில்டர் பொருத்தியிருக்கும் பகுதியின் கேஸ்கட். அது கசிந்தால் ஆயில் பெல்ட்டின் மேல் சொட்டும். ஊறிய பெல்ட் கழன்று கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்பட்ட கதைகள் உண்டு. சில ஆயிரம் ரூபாய் ரப்பரில் முடிய வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

விற்பவரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: நீங்கள் போகும்வரை அன்று காலை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் மறைக்காததைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். பிறகு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்; புதுச்சேரியிலிருந்து கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடை வரை போய்த் திரும்பினால் நெரிசல், மேடு பள்ளம், வேகத்தடை எல்லாம் வந்துவிடும். ஏசியைப் போட்டுக்கொண்டு நெரிசலில் நிற்கும் பத்து நிமிடத்தில் கூலன்ட் நிலவரம் தெரிந்துவிடும்.

46,000 கிலோமீட்டர் என்கிறீர்கள். பதினான்கு ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 3,300 கிலோமீட்டர்கூட வரவில்லை. உண்மையாக இருக்கலாம், பெரும்பாலோர் இப்படிக் காரை ஞாயிற்றுக்கிழமை சாமியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நின்ற வண்டிக்கும் நோய் வரும். சீல் காயும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், டயர் கல்லாகும். டயரின் பக்கவாட்டில் கடைசியில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வயது தாண்டிய டயரில், தடம் புதிது போலத் தெரிந்தாலும், இந்த வேகக் காரை ஓட்டாதீர்கள். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் போட்டது. அதன் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் பள்ளத்தின் அடியை ரிம் வாங்கிக்கொள்ளும். காரைத் தூக்கி நிறுத்தி, ரிம்மின் உட்புறத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகப் பின்சக்கரங்களில். கிலோமீட்டர் திருத்தப்பட்டதா என்று அறிய, முறையான கருவியில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். டாஷ்போர்டில் மாற்றியவர்கள் மற்ற மின்னணுப் பெட்டிகளில் பதிந்திருப்பதை மாற்ற மறந்துவிடுவார்கள்.

விபத்துப் பட்ட கன்வெர்ட்டிபிளை நான் தொடமாட்டேன். மேலே நிரந்தரக் கூரை இல்லாததால் வண்டியின் விறைப்பு முழுவதும் அடித்தளத்திலிருந்துதான் வருகிறது. அங்கே ஒருமுறை வளைந்ததை டிங்கரிங்கில் நேராக்கினாலும் கதவு இடுக்குகள் காட்டிக்கொடுக்கும். கூரை சரியாகப் பூட்டாது, மழை உள்ளே வரும். பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு பகுதியில் 120 மைக்ரான், பக்கத்துப் பகுதியில் 350 என்று காட்டினால் அங்கே ஒரு கதை இருக்கிறது.

காகிதங்களுக்கு வருவோம். இதில்தான் கடலூர்க்காரர்கள் பலர் வழுக்குகிறார்கள். புதுச்சேரியின் பிஒய் எண் வண்டியைக் கடலூரில் வைத்து ஓட்டலாம், எல்லை பத்து நிமிடம்தானே என்று புரோக்கர் சொல்லுவார். எல்லை அருகில் இருப்பதற்காக அது வேறு மாநிலம் இல்லை என்று ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். புதுச்சேரி நண்பர் வீட்டு முகவரியைக் காட்டிப் பெயர் மாற்றிக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். 2017-ல் கேரளத்தில் பிரபலங்கள் சிலரின் சொகுசுக் கார்கள் இப்படிப் புதுச்சேரி முகவரியில் பதிவானது வழக்குவரை போனது.

முறையான வழி இதுதான். புதுச்சேரி போக்குவரத்துத் துறையிடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. பிறகு கடலூரில் டிஎன்-31 எண்ணும் தமிழ்நாட்டு ஆயுள்கால வரியும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீத வரி. பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். நீங்கள் 24 லட்சத்துக்கு வாங்கியதை வைத்தே கணக்குப் போடுவார்கள் என்று நம்பி இருக்காமல், ஆர்சி நகலோடு கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்த் தொகையைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகு விலை பேசுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: 2011 வண்டியின் 15 ஆண்டுப் பதிவு 2026-ல் முடிகிறது. புதுப்பிக்க வண்டியை நேரில் காட்டித் தகுதிச் சோதனை தேற வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து சாதாரணக் காருக்கு இதற்கான கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதியான காருக்கு 40,000. உங்கள் இசட்4 முழுதாக இறக்குமதியான வண்டி. விலை பேரத்தில் இந்த ஒன்றைச் சொன்னாலே விற்பவர் முகம் மாறும்.

காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் சலுகை அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. இந்த வயது வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி கிடைப்பது கடினம். சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் வரும். கூரை ஓரமெல்லாம் ரப்பர் என்பதை நினைவில் வையுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் ஈடு தரும் கூடுதல் காப்பு கிடைத்தால், விலை பார்க்காமல் எடுங்கள்.

வாங்கிய பிறகு கடலோரத்தில் வைத்துக்கொள்வது எப்படி? தேவனாம்பட்டினத்தில் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை ஆண்டில் துருப்பிடித்தது என்று யோசியுங்கள். அதே காற்றுதான் பிரேக் காலிப்பரின் ஊசிகளிலும் ஒயர் முனைகளிலும் உட்காரப்போகிறது. வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும், ஆனால் போர் தண்ணீரில் வேண்டாம். கடற்கரை ஓர போரில் உப்பு ஏறியிருக்கும். உப்பைக் கழுவ உப்பை ஊற்றிய கதையாகிவிடும். குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ, மழைநீர்த் தொட்டியோ நல்லது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே வேகும். காற்றுப் போகும் துணி உறை, மேலே கொட்டகை.

வடிகாலைச் சுத்தம் செய்ய உங்கள் ஊரில் கருவி சும்மா கிடைக்கும். மீன்பிடிக்கிறவர்களிடம் தடித்த தங்கூசி நரம்பு இரண்டு மீட்டர் வாங்கி, முனையைத் தீயில் காட்டி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். அதை மெதுவாக உள்ளே விட்டு எடுத்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கீழே வழிகிறதா என்று பாருங்கள். கம்பியை விடாதீர்கள், குழாய் கிழியும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், உள்ளே இணைப்பு கழன்றுவிடும். சித்திரையில் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை போதும். வேப்ப மரம் இருந்தால் மாதம் ஒருமுறை. ரப்பர் ஓரங்களுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவரைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் ஊதிப்போய்க் கதவே மூடவில்லை.

ஆயிலை நிறுவனம் சொல்லும் நீண்ட இடைவெளிக்கு விடாமல் 8,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். டப்பாவில் பிஎம்டபிள்யூவின் எல்எல்-01 தரம் என்று எழுதியிருக்க வேண்டும். பேட்டரி மாற்றினால் அதைக் காரின் கணினியில் பதிவுசெய்யவும் வேண்டும். பதியாவிட்டால் புது பேட்டரியைப் பழையது என்று எண்ணி ஏற்றி, சீக்கிரமே கொன்றுவிடும். நான்கு நாளுக்கு மேல் நிற்கும் என்றால் பராமரிப்புச் சார்ஜரில் மாட்டிவையுங்கள். பெட்ரோல் விஷயம்: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது; 2023-க்கு முந்தைய கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். டர்போ எஞ்சின் என்பதால் 95 ஆக்டேனுக்குக் குறையாமல் போடுங்கள். நூறு ஆக்டேன் கிடைத்தால் வண்டிக்கு மகிழ்ச்சி, பணப்பைக்கு இல்லை.

சிறு வேலைகளுக்கு உள்ளூர் மெக்கானிக் போதும். கூரை, கியர்பாக்ஸ், எரிபொருள் பம்ப் என்றால் நான் சென்னைக்கே அனுப்புகிறேன். ஈசிஆரில் 150 கிலோமீட்டர். வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவிடாதீர்கள், பிளாட்பெட் லாரியில் ஏற்ற வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக விலை. தண்ணீர்ச் சோதனையும் காகிதமும் தேறினால் வாங்கலாம், 24-க்கு அல்ல. வரி, பதிவுப் புதுப்பிப்பு, வாட்டர் பம்ப், நான்கு டயர் ஆகியவற்றின் செலவை எழுதிக் கழித்துவிட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகும் முதல் ஆண்டுக்கென்று நான்கு லட்சம் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓராண்டு பொறுங்கள். இந்த வண்டிகளை வாங்க வரிசை நிற்பதில்லை. குடும்பத்தில் நான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், இருக்கை இரண்டுதான், அதை வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று தெரியவில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் கூரையைத் திறந்துகொண்டு போகும் கனவு இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. தை, மாசி விடியற்காலையில் மரக்காணம் உப்பளம் பக்கம் போங்கள். வந்ததும் அடிப்பகுதியைக் கழுவிவிடுங்கள்.